படித்துக் காட்டுகிறவள்

பிரிக்பீல்ட்ஸ்,
11-2-1934

அன்புத் தங்கை இராஜம்மாவுக்கு அக்கா பவுனம்மாள் எழுதிக்கொள்வது. உன்னையும் உன் வீட்டுக்காரரையும் மாரியம்மன் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம். மனசுக்கு என்று கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே. எனக்குத்தான் எழுத்து வாசனை கிடையாது என்பது உனக்குத் தெரியும். எப்போதும் எழுதுகிற மகள் புஷ்பவல்லிக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டு ரோசலினிடம் சொல்லி எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த பெண். அவள் மூலம் விஷயம் வெளியே போகாது.

போன மாதம் காஜாங்கிலிருந்து புஷ்பத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். அந்த அம்மாள் ஆசையாகக் கையைப் பிடித்து, "பேரு என்னம்மா?" என்று மூன்று தரம் கேட்டாள். வாயைத் திறக்கணுமே! காப்பித் தட்டை நீட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. போகும்போது வாசலில் வைத்தே, "பொண்ணு ஊமைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா எங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றார்கள். இப்போது இந்த ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்க அதே பேச்சு.

பதினேழு வயசு முடிந்துவிட்டது. ரொட்டிக்காரர் மணி அடித்தால் பின்பக்கம் ஓடுகிறாள். கோயிலுக்கு வா என்றால் வயிற்றுவலி. என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் அவள் அப்பா டூட்டிக்குப் போன பிறகுதான். உன் கடிதம் வந்தால் எவ்வளவு அழகாகப் படித்துக் காட்டுகிறாள் தெரியுமா? அந்த வாய் மற்ற நேரம் எங்கே போகிறது என்று புரியவில்லை. உன் மாமாவிடம் சொன்னால், "பொண்ணுன்னா அப்படித்தான் அடக்கமா இருக்கணும். பன்னிரண்டு மணி நேரம் தண்டவாளம் மாத்துற பாய்ண்ட்ஸ் கட்டையை இழுத்துட்டு வரேன், வீடு சத்தமில்லாம இருந்தா சரி" என்கிறார்.

மேருவில் சின்னையா என்று ஒருத்தர். பத்து ஏக்கரில் ரப்பர் மரம் நிற்கிற கித்தாத் தோட்டம், ஒரு லோரி. மனைவி தவறி ஒரு வருஷம் ஆகிறது, இரண்டு பிள்ளைகள், வயசு நாற்பத்திரண்டு. "பேசாத பொண்ணா? அதுதான் எனக்கு வேணும், வீட்டுல நிம்மதி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். உன் மாமாவுக்குச் சம்மதம். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஆத்திரத்தில் ஒருநாள், "இவ எனக்குப் பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று ரோசலின் சொல்கிறாள். நான்தான் எழுது என்கிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நீ படித்தவள், ஒரு யோசனை சொல். பதிலை ரோசலின் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு. கதவு எண் மட்டும்தான் வேறு. எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடாதே, அவள் கையில்தான் போய்ச் சேரும்.

உன் அக்கா,
பவுனம்மாள்


கிள்ளான்,
4-3-1934

அக்காவுக்கு இராஜம்மாவின் நமஸ்காரம். இங்கே இருவரும் நலம். உன் கடிதத்தைப் படித்துக்கொண்டே அடுப்பில் இருந்த பருப்பைத் தீயவிட்டேன். அவர் அந்தப் பருப்பைத்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு அரிசிக் கடைக்குப் போனார்.

நாற்பத்திரண்டா? நம்ம அப்பா சாகும்போதே அவருக்கு நாற்பத்தொன்றுதான் அக்கா! லோரி இருந்தால் ஆயிற்றா? அந்த ஆளுக்குப் பெண்டாட்டியா வேண்டும், இல்லை பிள்ளைகளுக்குச் சோறு போட ஆளா?

பொண்ணு ஏன் பேசவில்லை என்று அவளையே கேட்டாயா? கேட்டிருப்பாய். ஆனால் கேட்டுவிட்டு நாலு எண்ணுவதற்குள் பதிலையும் நீயே சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவளுக்குக் கொஞ்சம் மந்தம் இருக்குமோ என்று எங்க வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார். நான் அப்படி இல்லை என்று சண்டை போட்டேன். ஆனாலும் போன தீபாவளிக்கு மூன்று நாள் இங்கே இருந்தாளே, என்னோடு பேசியது மொத்தம் நாலு வார்த்தை. எனக்கும் கவலையாகத்தான் இருக்கிறது. டாக்டரிடம் காட்டலாமா என்று யோசி.

"பொறக்காமலே இருந்திருக்கலாம்" என்று பெற்றவள் சொல்லலாமா? அந்தச் சொல் இனி உன் வாயில் வரக் கூடாது. இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு இப்படிப் பேசினால், ஒன்றும் தங்காத நான் எதைப் பேசுவது?

ரோசலின், இதை அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டு அடுப்பில் போட்டுவிடம்மா. புஷ்பம் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

இப்படிக்கு,
இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
28-3-1934

அன்புள்ள தங்கை இராஜம்மாவுக்கு அக்கா பவுனம்மாள் சொல்ல, புஷ்பவல்லி எழுதுவது. இங்கே மழை இல்லை, வெயில் கொளுத்துகிறது. மற்றபடி நலம்.

உன் கடிதம் வீட்டுக்கு வந்தது. புஷ்பம் படித்துக் காட்டினாள். உனக்கு முழங்கால் வலி என்று கேட்டதிலிருந்து வருத்தமாக இருக்கிறது. வேப்பெண்ணெயைச் சுடவைத்துத் தேய். உன் வீட்டுக்காரர் அரிசிக் கடையில் எலித் தொல்லைக்காகப் பூனை வாங்கினதும், அது எலியை விட்டுவிட்டுக் கருவாட்டுக் கூடையில் மூன்று குட்டி போட்டதும் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.

கடைசியில், "புஷ்பம் நல்ல பெண், அவளைக் கோபித்துக்கொள்ளாதே" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி வந்ததும் இவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. மெல்லத்தான் படித்தாள்.

நான் வேறொன்று கேட்டிருந்தேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை காணோமே? அது என்ன என்று இதில் எழுத முடியாது. உனக்கே தெரியும். ரோசலின் வீட்டுக்கும் ஒன்றும் வரவில்லை. நீ மறக்கிறவள் இல்லையே என்று யோசனையாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பவுனம்மாள்


கிள்ளான்,
9-4-1934

என் கண்ணே புஷ்பவல்லிக்குச் சித்தி இராஜம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாயா என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்கு முழங்கால் வலியும் இல்லை, எங்கள் கடையில் பூனையும் இல்லை. உன் அம்மா சொல்லி நீ எழுதின கடிதத்தைப் பாதி படிக்கும்போதே எனக்கு நடந்தது புரிந்துவிட்டது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உறை மேல் இங்கிலீஷில் விலாசம் எழுதுவது எப்போதும் உன் சித்தப்பாதான். "இந்தத் தடவை ரோசலின் வீட்டு நம்பர் போடுங்க" என்று இரண்டு தரம் சொன்னேன். பதினோரு வருஷமாக ஒரே விலாசத்தை எழுதின கை, பழைய நம்பரையே போட்டுவிட்டது. "ஐயோ, நானா?" என்று திருதிருவென்று முழிக்கிறார். உன்னைப் பற்றி அம்மாவுக்கு எழுதினதை நீயே பிரித்து, அம்மா முன்னால் உட்கார்ந்து படிக்கும்படி ஆகிவிட்டது. இந்தக் கூத்து வேறு எந்த வீட்டில் நடக்கும்?

மந்தம் என்று எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போட வேண்டும். மந்தமான பெண்ணா ஒரு கடிதத்தைக் கண்ணால் படித்துக்கொண்டே வாயால் வேறு கடிதம் சொல்லுவாள்? அதுவும் கருவாட்டுக் கூடையில் குட்டி போட்ட பூனையோடு! மன்னித்துக்கொள் கண்ணு. உன் அம்மா சொன்னதை ஆத்திரத்தில் சொன்னாள். அவளுக்கு ஆத்திரம் வந்தால் நாக்கு முன்னால் ஓடும், புத்தி பின்னால் வரும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

எனக்கு எழுது. ஒரு வரி போதும். இந்தக் கடிதத்துக்குப் பதிலாக உன் அம்மாவுக்கு என்ன வேண்டுமானாலும் படித்துக் காட்டு, அது உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பூனைக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று மட்டும் சொல்லிவிடு. அவள் கேட்டால் நான் முழிக்கக் கூடாது.

உன் சித்தி


பிரிக்பீல்ட்ஸ்,
20-5-1934

மரியாதைக்குரிய சித்திக்குப் புஷ்பவல்லியின் வணக்கம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். மற்றவர்கள் சொல்லி எழுதுவது சுலபமாக இருக்கிறது. பூனையின் பேர் முத்து. குட்டிகளில் ஒன்றைப் பக்கத்துக் கடைச் சீனர் வாங்கிக்கொண்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மறந்துவிடாதீர்கள்.

அம்மா சொன்னது எழுதியிருந்த இடத்தில் எனக்குக் கண் இருட்டியது. நிறுத்தினால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிறகு குளிக்கிற அறையில் போய் அழுதேன். அம்மாவிடம் அதைக் கேட்க மாட்டேன். நீங்களும் கேட்க வேண்டாம்.

ஏன் பேசுவதில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். யாராவது கேட்டால் பதில் உள்ளே தயாராகத்தான் இருக்கிறது. பேர் என்ன என்றால் எனக்குத் தெரியாதா சித்தி? ஆனால் அது மேலே வருவதற்குள் கேட்டவர்கள் முகம் மாறிவிடுகிறது. மாறின முகத்தைப் பார்த்ததும் அது திரும்பி உள்ளே போய்விடுகிறது. அந்தக் காஜாங் அம்மாள் போன பிறகு, பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டே "புஷ்பவல்லி, புஷ்பவல்லி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க நன்றாகவே வந்தது. எதனால் இப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் சொல்வதற்குக் காரணமாவது இருந்திருக்கும்.

மேருக்காரருக்கு அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். ஆவணி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அப்பா வேலை பார்க்கிற லைனின் மேஸ்திரி நாகையா மண்டோர்தான் முன்னால் நின்று நடத்துவார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தி, "சம்மதமாம்மா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். பெண் தலையைக் குனிந்து நின்றால் சம்மதம் என்று வெற்றிலைத் தட்டை மாற்றிவிடுவார்கள். நான் குனிந்துதான் நிற்பேன் சித்தி. எனக்கு வேறு மாதிரி நிற்கத் தெரியாது.

"அவளுக்கு வேணாம்னா அவ வாயால சொல்லட்டும், நான் என்ன கழுத்தைப் பிடிச்சா தள்ளப்போறேன்?" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்கு வேண்டாம். எழுத வருகிறது, பாருங்கள். சொல்லத்தான் வரவில்லை.

இப்படிக்கு,
புஷ்பவல்லி


கிள்ளான்,
2-6-1934

என் தங்கம் புஷ்பத்துக்குச் சித்தியின் ஆயிரம் ஆசீர்வாதம். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இந்நேரம் நான் ரயிலேறி வந்து உன் அப்பாவை ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரு விஷயம், இதை அம்மாவுக்கு உண்மையாகவே படித்துக் காட்டலாம்: எனக்கு ஐந்து மாதம். இரண்டு தங்காமல் போனதால் இத்தனை நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ரயில், ரிக்‌ஷா எதிலும் ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புரட்டாசி கடைசியில் பிரசவம். எனக்குத் தாய் இல்லை, அக்காதான் வந்து பார்க்க வேண்டும். பயமாக இருக்கிறது புஷ்பம். உன்னிடம் சொன்னால் என்ன?

நான் உன் அப்பாவுக்குக் கடிதம் எழுதலாம். எழுதினால், "கிள்ளான்காரிக்கு வாய் நீளம்" என்று மடித்து வைத்துவிடுவார். அவர் கேட்பது உன் வாயிலிருந்து ஒரு சொல். அந்த மட்டுக்கும் நியாயமான மனுஷன்தான்.

அதனால் சின்னதாக ஆரம்பி. ரொட்டிக்காரர் வந்தால் ஓடாதே. முகத்தைப் பார்க்க வேண்டாம், ரொட்டியைப் பார். "ஒண்ணு" என்று சொல். அவ்வளவுதான். வரவில்லையா, மறுநாள் சொல். அவர் தினமும் வருகிறவர்தானே, எங்கே ஓடிப்போகப்போகிறார்?

நான் சொல்வது கிறுக்குத்தனமாக இருந்தால் விட்டுவிடு. உன் சித்திக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
22-7-1934

அன்புள்ள சித்திக்குப் புஷ்பவல்லியின் வணக்கம். கால் வீக்கம் இருந்தால் காலைத் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்லி அம்மா தினமும் சொல்கிறாள். நீங்கள் முழுகாமல் இருப்பதைப் படித்ததும் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

ரொட்டி விஷயம். எட்டு நாள் ஓடாமல் நின்றேன். ஒன்பதாம் நாள் "ஒண்ணு" வந்துவிட்டது. சத்தம் எப்படி வந்ததோ, ரொட்டிக்காரர் திடுக்கிட்டு, "யாரு, நீயா தங்கச்சி பேசினே?" என்று கேட்டார். உள்ளே ஓடிவிட்டேன். ரொட்டியை ஜன்னல் வழியாக வைத்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் "ஒண்ணு" என்பேன், "சரிம்மா" என்பார். அதற்கு மேல் இருவரும் போவதில்லை.

ரோசலின் அக்கா வீட்டுக்காரருக்குப் பிறை என்கிற ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. இங்கே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்களுக்கெல்லாம் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது ரோசலின் அக்காதான். அவர்கள் போனதும் ஒரு அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். ஓடத்தான் பார்த்தேன். அவள் என்னைக் கேட்காமலே உட்கார்ந்து, மகனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். எழுதினேன். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர்.

எனக்கு அது பயமாக இல்லை சித்தி. அவர்கள் கண் என் மேல் இருந்தாலும் ஊரில் இருக்கிற மகனைத்தான் பார்க்கிறது. நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் யார் முகமும் மாறுவதில்லை. அவர்கள் நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். முடிந்ததும் படித்துக் காட்ட வேண்டும். படிக்கிறேன். ஒரு அம்மாள், "புள்ளைக்குத் தேன் மாதிரி குரலு, எவன்டா ஊமைன்னது?" என்றாள். இதெல்லாம் அப்பா டூட்டியில் இருக்கும்போதுதான்.

அப்பாவிடம் மூன்று தரம் முயன்றேன். எப்படிப் போயிற்று என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. சொன்னால் தடுப்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

உடம்பு ஜாக்கிரதை.

புஷ்பவல்லி


கோலாலம்பூர்,
28-8-1934

இராஜம்மாவுக்குத் தம்புசாமி சொல்ல, ஸ்டேஷனில் கணக்கெழுதுகிற கிராணி எழுதுவது. க்ஷேமம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் முப்பது பேர் கூடியிருந்தோம். வர முடியாத உறவினர் வாழ்த்து எழுதி அனுப்புவதும், அதைச் சபையில் படிப்பதும் வழக்கம்தானே என்று, புஷ்பவல்லி கொண்டுவந்து நீட்டின உன் கடிதத்தை நாகையா மண்டோர் வாங்கினார். தட்டை மாற்றுவதற்கு முன்னால் எழுந்து நின்று சத்தமாகப் படித்தார். பாவம், பாதியில் நிறுத்தவும் அவருக்குத் தெரியவில்லை.

"எங்கள் பெண் தலை குனிந்து நிற்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவளுக்கு இஷ்டமில்லை. மேருக்காரருக்கு வேண்டியது மனைவி இல்லை, வாய் பேசாத வேலைக்காரி" என்று எழுதியிருக்கிறாய். வந்த மனுஷன் மூஞ்சி கறுத்துப்போய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு லோரியில் ஏறிவிட்டார். இருபது வருஷமாக இந்த லைனில் தலை நிமிர்ந்து நடந்தவன் நான். இன்று பாய்ண்ட்ஸ் கட்டையைப் பிடிக்கும்போதுகூடப் பின்னால் சிரிக்கிறார்கள்.

என் வீட்டுப் பெண்ணுக்கு நல்லது கெட்டது பார்க்க நீ யார்? இனி என் வீட்டுப் படி ஏறாதே. பவுனு கிள்ளானுக்கு வர மாட்டாள். உன் பிரசவத்தை நீ பார்த்துக்கொள்.

தம்புசாமி


கிள்ளான்,
3-9-1934

மாமாவுக்கு இராஜம்மா வணங்கி எழுதுவது. உங்கள் கோபம் நியாயமானது.

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். யாரும் சொல்லி எழுதவில்லை. புஷ்பத்துக்கு ஒன்றும் தெரியாது. உறை ஒட்டி வந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவுதான். சபையில் உங்களைத் தலை குனிய வைத்ததற்குக் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்காவை அனுப்ப வேண்டாம். பக்கத்தில் ஒரு மலாய்க்கார மருத்துவச்சி இருக்கிறாள், கைராசிக்காரி என்கிறார்கள். எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன். பெண்ணை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். அக்காவை என் பேரைச் சொல்லி ஏசாதீர்கள்.

இராஜம்மா


பிரிக்பீல்ட்ஸ்,
23-9-1934

அன்புள்ள இராஜம்மாவுக்குத் தம்புசாமி சொல்லி எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். போன கடிதத்தில் அதைக் கேட்காதது என் தப்பு.

இதை எழுதுகிறவள் புஷ்பவல்லி. நான் சொல்வதை அப்படியே எழுது என்று சொல்லியிருக்கிறேன். எழுதுகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்பித்தான் ஆக வேண்டும்.

உன் கடிதத்தைப் பத்து நாள் பிரிக்காமல் மாடத்தில் போட்டு வைத்திருந்தேன். போன ஞாயிறு பவுனு, "எந்தங்கச்சி தனியாக் கிடந்து என்ன ஆகப்போறாளோ" என்று சோறு தின்னாமல் அழுதாள். சரி, என்னதான் எழுதியிருக்கிறாள் பார்ப்போம் என்று புஷ்பத்தைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். இந்த வீட்டில் படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திதானே.

அவள் எனக்குப் படித்துக் காட்டினது அதுதான் முதல் தரம். மெதுவாகப் படித்தாள். "எழுதியது நான்தான்" என்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். "ஏன், எழுத்துப் புரியலையா?" என்றேன். முதலிலிருந்து படித்து மறுபடி அதே இடத்தில் நின்றாள். எழுந்து உள்ளே ஓடப்போகிறாள் என்று நினைத்தேன். ஓடவில்லை.

"இது பொய்ப்பா" என்றாள். "சித்தி எழுதலை. சித்திக்குத் தெரியவே தெரியாது. நான்தான் எழுதினேன்."

"என்னது?" என்றேன். ஆத்திரத்தில் கேட்டேன். அவள் எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னாள். "நான்தாம்ப்பா எழுதினேன்! எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம்!" எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பவுனு அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

அடிக்கத்தான் கை எழுந்தது, மறைக்கவில்லை. சபையில் பொய்க் கடிதம் கொடுத்தவளை என்ன செய்வது? ஆனால் அடித்தால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளுமே என்று பயம் வந்துவிட்டது. கையைக் கீழே போட்டேன். "இதை என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"மூணு தடவை வந்து நின்னேன்ப்பா. மூணு தடவையும் சொம்பைக் காட்டுனீங்க. தண்ணி கொண்டாந்து கொடுத்தேன்" என்றாள்.

அது நடந்தது உண்மை, இராஜம்மா. பக்கத்தில் வந்து நிற்பாள். டூட்டி முடிந்து வந்தவனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்துக் கையைக் காட்டுவேன். ஒரு தடவை எனக்குத் தாகம்கூட இல்லை. பிள்ளை கொண்டுவந்துவிட்டதே என்று குடித்தேன். அவ வாயால சொல்லட்டும் என்று ஊரெல்லாம் பேசினவன் நான். அவள் சொல்ல வந்த நேரம் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நேற்று மேருவுக்குப் போய்ச் சின்னையாவிடம், என் மகளுக்கு இஷ்டமில்லை, கிள்ளான்காரி மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த ஆள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும். நாகையா மண்டோரிடமும் சொல்லிவிட்டேன். அவர், "அடேயப்பா, அந்தக் கடுதாசி அந்தப் புள்ளை எழுதினதா?" என்று வாயைப் பிளந்தார். ஊமை என்று இனி எவனும் சொல்ல முடியாது. ராங்கி என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

உன்னைப் படி ஏறாதே என்று சொன்ன வாய் இது. அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. செய்யாத குற்றத்தை உன் தலையில் போட்டுக்கொண்டாய். என் கூடப் பிறந்தவள் இருந்திருந்தாலும் இப்படிச் செய்திருப்பாளா தெரியாது. வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் பவுனுவையும் புஷ்பத்தையும் அனுப்புகிறேன். குழந்தை பிறந்து நீ எழுந்து நடமாடுகிற வரை இரண்டு பேரும் அங்கேயே இருக்கட்டும். நான் ஸ்டேஷன் கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்வேன். இங்கே பத்துப் பொம்பளைங்க கடிதம் எழுத ஆளில்லை என்று என்னைத் திட்டப்போகிறார்கள். அப்படி ஒன்று என் வீட்டில் நடக்கிறது என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும்.

வேறென்ன சொல்வது? இவள் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதனால்தான் இவ்வளவு நீளம். போதும். இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிறேன்.

தம்புசாமி

சித்தி, மேலே இருப்பது முழுக்க அப்பா சொன்னது. ஒரு சொல் சேர்க்கவில்லை, ஒரு சொல் விடவில்லை. படித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். மறுபடியும் இன்னொரு தரம் என்றார். நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இது ஐந்தாம் தரம். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சனிக்கிழமை நாங்கள் வந்ததும் கொஞ்சம் சுக்குக் காப்பி வேண்டும், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன்.

புஷ்பவல்லி